அவன் ரத்தம், என் நோட்டு

இப்போதெல்லாம் ஒருவனைப் பார்த்தால் இன்னொருவன் "நல்லா இருக்கியா" என்று கேட்பதில்லை. "சுகர் எவ்வளவு" என்றுதான் கேட்கிறான். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிறவன், முன்பின் தெரியாதவன், தன் பேரைக்கூடச் சொல்லமாட்டான். கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று சொல்லிவிடுவான். போனை எடுத்து நீட்டி ரிப்போர்ட்டைக் காட்டுவான், பேரன் படத்தைக் காட்டுகிற மாதிரி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அப்போதும் விடமாட்டான். "பெரியவரே, உங்களுக்கு லிவர் பார்த்தாங்களா? இப்ப சுகர்காரங்க எல்லாருக்கும் அதையும் பார்க்கச் சொல்றாங்க" என்பான். அந்தச் சொல் காதில் விழுந்தால் எனக்கு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடலாம் போல இருக்கும். இரண்டு தடவை இறங்கி, வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். எனக்குப் பெருமை சேர்க்கிற விஷயம் இல்லை.

நான் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பார்க்கிறவன். முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. வயது அறுபத்தெட்டு. அந்தப் பழைய மெஷினின் இருமல் எனக்குத்தான் புரியும் என்பதால் முதலாளி இன்னும் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. என் வீட்டுக்காரியின் தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவன். தகரக் கேன்களில் தண்ணீர் பிடித்து உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைத்தால் ஒரு நாளில் உறைந்துவிடும். கிரேனில் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாய்த்தால் பாளம் பாளமாகச் சறுக்கிக்கொண்டு வரும். அதைக் கொக்கி போட்டு இழுத்து லாரிக்கு விடுவது மச்சினன் வேலை. கையும் காலும் ஒல்லி. அதனால் கம்பெனியில் அவன் பேரே குச்சி. வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். "குச்சியில குத்தின உருளைக்கிழங்குடா நீ" என்பார் கிரேன்காரர். அவனும் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரிப்பான்.

கம்பெனி வாசலில் கார்டு குத்துகிற கடிகாரம் ஒன்று இருக்கிறது. கார்டைச் செருகினால் டங்கென்று நேரத்தை அச்சடிக்கும். நான் தாமதமானால் என் கார்டை அவன் குத்துவான். அவன் தாமதமானால் நான். இருபது வருஷமாக அப்படித்தான். அதைத் திருட்டு என்று நாங்கள் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆள் எப்படியும் வந்துவிடப்போகிறான், கார்டு கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது, அவ்வளவுதான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பிற்பாடு நான் செய்த காரியம் எனக்கு ஒரு பெரிய காரியமாகவே தோன்றாததற்கு இந்தப் பழக்கம்தான் காரணம்.

எனக்குச் சர்க்கரை வந்து பதினாறு வருஷம். கிளினிக்கில் ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நோட்டைக் காட்டி ரத்தம் கொடுக்கவேண்டும், பத்து நாள் கழித்துப் போய் டாக்டரைப் பார்க்கவேண்டும். முன்பெல்லாம் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால் வாயைக் கட்டிவிடுவேன். எண் நல்ல பிள்ளையாய்க் கீழே இறங்கி வந்துவிடும். கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் எதிர்க்கடையில் கேக் ஒன்று, சர்க்கரை தூக்கலாய் டீ ஒன்று. எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் டாக்டர் மாறினார். கண்ணாடி போட்ட சின்ன வயதுக்காரர் வந்தார். வந்தவர் மூன்று மாதத்துச் சர்க்கரையை மொத்தமாகக் காட்டிக்கொடுக்கிற டெஸ்ட்டை எழுதினார். இரண்டு நாள் நடிப்புக்கெல்லாம் அது மசியாது. அதில் ஏழுக்குள் இருந்தால் நல்லதாம். எனக்குப் பத்தரை என்று வந்தது.

"அடுத்த தடவையும் பத்துக்கு மேல இருந்தா இன்சுலின்தான் ஐயா. மாத்திரையை வச்சு இனிமே ஓட்ட முடியாது" என்றார்.

ஒரு தடவை கம்பெனியில் அம்மோனியா குழாய் பிய்த்துக்கொண்டபோது, முகத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடியவன் நான். ஊசி என்றால் மட்டும் எனக்கு முதுகு வேர்த்துவிடும். தினமும், அதுவும் வயிற்றில், அதுவும் சாகிறவரைக்கும் என்றால்?

மச்சினனுக்கும் சர்க்கரை உண்டு. எட்டு வருஷமாக. அவன் தெருமுனை டாக்டரிடம் போவான். அவர் விரலில் குத்திப் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுப்பார், அதோடு சரி. ஆனால் இவன் டாக்டர் சொன்ன சொல்லைத் தட்டமாட்டான். மாத்திரையை நேரத்துக்குப் போடுவான், இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்கமாட்டான், குடி கிடையாது, பீடி கிடையாது.

ரத்தம் கொடுக்கவேண்டிய நாளுக்கு முதல் நாள், பாளம் எல்லாம் ஏற்றி முடித்துவிட்டு அவன் கொக்கியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, போன தடவை உனக்கு எவ்வளவு வந்துச்சு?"

"என்ன மாமா எவ்வளவு?"

"சுகர்டா."

"நூத்தி முப்பது. டாக்டர் கைகொடுத்தாரு."

"அப்ப ஒண்ணு பண்ணு. காலையில என் நோட்டை எடுத்துட்டுப் போய் கிளினிக்ல கையை நீட்டிட்டு வா."

அவனுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் தொட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். "ரத்தத்துக்கும் கார்டு குத்தணுமா மாமா? சரி, பாஸ் பண்ணிக் கொடுத்தா எனக்கு என்ன தருவீங்க?"

"உன் அக்காவை நாப்பது வருஷமா வச்சுச் சமாளிக்கிறேனே, அது போதாதா?"

"அக்காவை நீங்க சமாளிக்கிறீங்களா? இதை அக்காகிட்டயே சொல்லவா?"

மறுநாள் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தான். "ரத்தம் எடுக்கிற அம்மா, வயசு அறுபத்தெட்டான்னு ரெண்டு தடவை கேட்டுச்சு மாமா. ஐஸ்ல வேலை, கெட்டுப்போகாம இருக்கேன்னு சொன்னேன்." அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பத்து நாள் கழித்து நான் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஆறு புள்ளி ஒன்பது! என்ன ஐயா பண்ணினீங்க?"

"வாயைக் கட்டினேன்" என்றேன், கூசாமல்.

நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தம்மா வெளியே காத்திருந்தவர்களிடம் "இந்த ஐயாவைப் பார்த்துக் கத்துக்கங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் அடுத்த தாளைப் புரட்டினார். அவர் முகம் மாறியது.

"ஐயா, குடிப்பீங்களா?"

"கிடையாது."

"முன்னாடி?"

"எப்பவும் கிடையாது."

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "குடிக்கிறவங்களுக்குத்தான் ஈரல் கெடும்னு இல்ல. சுகர் இருக்கிறவங்க நிறைய பேருக்கு ஈரல்ல கொழுப்பு படியுது. வலி இருக்காது, ஒண்ணும் தெரியாது. சில பேருக்கு அது உள்ளயே வருஷக்கணக்கா புண்ணாகி, தழும்பாகி, ஈரல் இறுகிப் போயிடும். வெளியே தெரியும்போது லேட்டாயிருக்கும். அதனால சுகர்காரங்களுக்கு எல்லாம் ரத்தத்துல மூணு எண்ணை எடுத்து, வயசையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறோம். உங்க வயசுக்கு ரெண்டுக்குள்ள இருந்தா பயம் இல்ல. உங்களுக்கு ஆறு."

'அது என் ரத்தம் இல்லை' என்று தொண்டை வரைக்கும் வந்தது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. இப்போதுதானே நர்ஸம்மா எல்லார் முன்னாலும் என்னை உதாரணம் காட்டிவிட்டுப் போனார்! உண்மையைச் சொன்னால் அந்த ஆறு புள்ளி ஒன்பதும் போகும், ஊசியும் வரும், விஷயம் வீட்டுக்காரி காதுக்கும் போகும்.

"ரெண்டு வாரத்துக்குள்ள ஸ்கேன் பண்ணிடணும். தள்ளிப்போடாதீங்க" என்று சொல்லி, நோட்டில் சிவப்பு மையால் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

கம்பெனிக்குத் திரும்பினேன். மச்சினன் வாசலிலேயே நின்றிருந்தான். "பாஸா மாமா?"

"பாஸ்."

"அப்ப டீ வாங்கிக் கொடுங்க. எனக்குச் சர்க்கரை போடாம."

வாங்கிக் கொடுத்தேன். அவன் ஊதி ஊதிக் குடித்தான். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. டீ ஆறிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ, பேசாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்கேனுக்கு நானே போனேன். எனக்கு ஆஸ்பத்திரி மெஷின் எதிலும் நம்பிக்கை இல்லை. யாரைப் படுக்கவைத்தாலும் ஏதாவது ஒரு கெடுதலைச் சொல்லத்தான் அதெல்லாம் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். என் ஈரலையும் கெட்டுப்போனது என்று சொல்லிவிட்டால், எல்லாம் பொய் என்று தெரிந்துவிடும். மச்சினன் கணக்கும் பொய்யாகிவிடும். நான் யாருக்கும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, என் ஈரல் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டிக்கொண்ட மனுஷன் உலகத்தில் வேறு எவனாவது இருப்பானா தெரியாது.

வலது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார்கள். விலா எலும்புக்கு நடுவில் ஜில்லென்று எதையோ தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தினார்கள். அது உள்ளே சுண்டியது, கேரம் காயைச் சுண்டுகிற மாதிரி. பத்து தடவை. ஈரல் எவ்வளவு இறுக்கமோ அந்த அதிர்வு அவ்வளவு வேகமாக ஓடுமாம்.

"மெத்துனு இருக்கு ஐயா. கொஞ்சம் கொழுப்பு இருக்கு, அவ்வளவுதான். தழும்பு இல்ல" என்றார் ஸ்கேன்காரர், நல்ல சேதி சொல்கிற முகத்தோடு.

டாக்டர் குழம்பிப்போனார். ரத்தம் ஒன்று சொல்கிறது, ஸ்கேன் ஒன்று சொல்கிறது. திரும்பவும் ரத்தம் கொடுக்க அனுப்பினார். ரத்தம் எடுக்கிற அம்மா என் கையில் ரப்பரைக் கட்டி, தட்டித் தட்டிப் பார்த்தார். தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அன்னைக்கு வந்தது இந்தக் கை இல்லையே."

"எனக்கு ரெண்டு கைதாம்மா. இதுல ஒண்ணு."

"நான் முகத்தை மறந்துடுவேன் ஐயா. நரம்பை மறக்கமாட்டேன். அன்னைக்கு வந்தவருக்குக் கயிறு மாதிரி நரம்பு. மணிக்கட்டுல கொக்கி கிழிச்ச மாதிரி ஒரு தழும்பு. உங்களுக்கு நரம்பைத் தேட வேண்டியிருக்கு."

"வயசாச்சு, உள்ள போயிருக்கும்."

"மூணு வாரத்துலயா?" ஊசியைக் குத்தினார். ரத்தம் குப்பியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே மெதுவான குரலில் பேசினார். "நான் குப்பியில பேரை மாத்தி ஒட்டிட்டேன்னு எழுதிக்குவாங்க. எழுதட்டும், பரவாயில்ல. ஆனா அந்தக் கைக்காரருக்கு உள்ள என்ன நடக்குதுன்னு அவருக்குத் தெரியாது ஐயா. உங்களுக்குத் தெரியும்."

நான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

இந்தத் தடவை என் சொந்த ரத்தம் என் வேஷத்தைக் கலைத்துவிட்டது. சர்க்கரை பத்து புள்ளி எட்டு. ஈரல் கணக்கு ஒன்றரை. 'முன்பு எடுத்த சாம்பிள் மாறியிருக்கலாம்' என்று டாக்டர் எழுதினார். அந்தம்மா சொன்ன மாதிரியே ஆயிற்று. இன்சுலினும் எழுதினார். நர்ஸம்மா என்னைப் பார்க்காமல் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

எதற்குப் பயந்து மறைத்தேனோ அது வந்துவிட்டது. இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வாரம் சொல்லாததை இன்றைக்குச் சொன்னால், மூன்று வாரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பான் அல்லவா? அந்தக் கேள்விக்குப் பயந்து நாலாவது வாரமும் சொல்லவில்லை. அப்புறம் அது மாதமாயிற்று. நாள் ஏற ஏற வாய் இறுகிக்கொண்டே போயிற்று.

பாஸான ஆளுக்கு ஊசி எதுக்கு என்று கேட்ட மச்சினனிடம், திரும்ப ரத்தம் எடுத்ததில் மாட்டிக்கொண்டேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன். வீட்டில் தினமும் காலையில் வீட்டுக்காரிதான் எனக்கு ஊசி போடுவாள். போடும்போது ஒரு பாட்டுப் பாடுவாள். "என் தம்பியைப் பாருங்க. அவனுக்கும்தான் சுகர். வாயைக் கட்டி எவ்வளவு ஒழுங்கா இருக்கான்! நீங்களும் இருக்கீங்களே, பல்லு போயும் நாக்கு அடங்கலை." ஊசி வலிக்கவில்லை. அந்தப் பாட்டுத்தான் வலித்தது.

நான் கம்ப்ரசர் அறையில் உட்கார்ந்தபடி கண்ணாடி வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருப்பேன். பாளத்தை இழுக்கிறான், சிரிக்கிறான், கிரேன்காரருடன் சண்டை போடுகிறான். ஈரல் கெட்டவன் இப்படியா இருப்பான்? கணக்கில் என் வயதைப் போட்டார்கள், அவன் வயது குறைவு, அதனால் கணக்கே தப்பு என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வேன். மறுநாள் அவன் பாதி வேலையில் பலகை மேல் உட்கார்ந்துவிடுவான். என் சமாதானமும் கூடவே உட்கார்ந்துவிடும்.

அவன் முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாய்க் கன்றியிருந்தது. "பாளம் இடிச்சது மாமா" என்றான். இருபது வருஷமாகப் பாளம் இடிக்கத்தான் செய்கிறது, இப்படிக் கன்றி நான் பார்த்ததில்லை. காலையில் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது என்றான். மத்தியானம் சாக்கு மேல் சாய்ந்தால் தட்டி எழுப்பவேண்டியிருந்தது.

ஒரு நாள் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். "எங்க கிளினிக்ல ஒரு தடவை வந்து பாரேன் மாப்ள. சுகர்காரங்களுக்கு ஈரலும் பார்க்கிறாங்க."

"குடிகாரனுக்குப் பார்க்கிறதை எனக்கு எதுக்குப் பார்க்கணும்?" என்றான். அப்புறம் கிரேன்காரர் பக்கம் திரும்பி, "இவரு சுகரையே பாஸ் பண்ணிக் கொடுத்த ரத்தம் இது. இதுக்கே டெஸ்ட்டாம்!" என்று கையைத் தூக்கிக் காட்டினான். கிரேன்காரர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். செய்ததிலேயே கேவலம் எது என்று யாராவது கேட்டால் அந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன்.

எட்டாவது மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். வேலை முடிந்து உடை மாற்றுகிற அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அவன் பெஞ்சில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸோடு மல்லுக்கு நின்றான்.

"மாமா, இதைக் கொஞ்சம் இழுங்க. ரெண்டு நாளா கழட்ட வரமாட்டேங்குது."

நான் தரையில் உட்கார்ந்து குதிகாலைப் பிடித்து இழுத்தேன். கால் வெளியே வந்தது. காலுறையின் ரப்பர் வளையம் சதைக்குள் புதைந்து கிடந்தது. கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே அழுத்தினேன். எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது, பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி.

"ஐஸ்லயே நிக்கிறோம்ல, வீங்கியிருக்கும்" என்றான்.

"மாப்ள, அன்னைக்கு என் நோட்டைக் கொண்டுபோய் ரத்தம் குடுத்தியே..."

"ஆமா, பாஸ் பண்ணேனே."

"சுகர்தான் பாஸ். உன் ஈரல் கெட்டிருக்குன்னு அப்பவே சொன்னாங்க. என்னோடதுன்னு நினைச்சு என்கிட்ட சொன்னாங்க. நான் உன்கிட்ட சொல்லலை."

பூட்ஸ் என் மடியில் இருந்தது. அதற்குள் இருந்த ஈரம் என் வேட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தான். அந்தப் பள்ளம் மெதுவாக மேலே எழும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எப்ப சொன்னாங்க?"

"நீ டீ வாங்கிக் கொடுங்கன்னு கேட்டியே, அன்னைக்கு."

அவன் விரல் மடக்கி எண்ணினான். "எட்டு மாசமா மாமா?"

அந்த 'மாமா'வை விட்டுவிட்டுக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"திட்டுடா" என்றேன்.

"என்னத்தைத் திட்ட. உங்க இடத்துல நான் இருந்திருந்தாலும் பயந்துக்கிட்டுச் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ." பிறகு தலையை ஆட்டினான். "இல்ல. நான் சொல்லியிருப்பேன்."

அவன் அடுத்த காலை நீட்டினான். நான் இழுத்தேன்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இப்ப சொல்லாதீங்க. அது உங்களை உயிரோட விடாது. அப்புறம் என்னை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டுப் போறது?"

திங்கட்கிழமை போனோம். அவன் பேரில் புது நோட்டுப் போட்டார்கள். டாக்டரிடம் நடந்ததை எல்லாம் நானே சொன்னேன், கார்டு குத்துகிற கடிகாரத்திலிருந்து ஆரம்பித்து. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார். ரத்தம் எடுக்கிற அம்மாவிடம் மச்சினன் கையை நீட்டினான். மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரப்பரை எடுத்து அவன் கையில் கட்டினார். வெளியே வந்த பிறகு நான் திரும்பிப் போய், "குப்பி மாறலைன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்மா" என்றேன். "அவரை வெயில்ல நிக்க வைக்காதீங்க, உட்காரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஸ்கேன் அறைக்குள் நானும் போனேன். எனக்குச் சுண்டிய அதே கருவி அவன் விலாவில் சுண்டியது. ஸ்கேன்காரர் முகத்தில் இந்தத் தடவை நல்ல சேதி இல்லை. இரண்டு முறை எடுத்துப் பார்த்தார். வயிற்றை வேறொரு ஸ்கேனில் பார்த்து, உள்ளே கொஞ்சம் நீரும் கோத்திருக்கிறது என்றார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஈரல் தழும்பேறி இறுகியிருக்கிறது. இருக்கிற மிச்சத்தைக் காப்பாற்றவேண்டும். உப்பைக் குறைக்கவேண்டும், நீர் இறங்க மாத்திரை, தொண்டை வழியாகக் குழாய் விட்டு உள்ளே ரத்த நரம்பு எதுவும் புடைத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் ஸ்கேனும் ரத்தமும், கட்டி கிட்டி வருகிறதா என்று பார்க்க. பாளம் இழுக்கிற வேலை இனிமேல் கூடாது.

"ஒல்லியா இருக்கேனே டாக்டர், எனக்கு எங்கேருந்து கொழுப்பு?" என்று கேட்டான் மச்சினன்.

"கைகால் ஒல்லி. வயித்தைப் பாருங்க. அங்கதான் ஆபத்து."

"இவ்வளவு நாளா நான் ஐஸை உறைய வைக்கிறேன்னு நினைச்சேன். என் ஈரல்தான் உறைஞ்சுக்கிட்டு இருந்திருக்கு" என்று சொல்லிச் சிரித்தான். டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

குழாய் விடுவதற்கு நாள் குறிக்க அவனைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், அன்னைக்கே வந்திருந்தா?"

அவர் திரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஐயா, அன்னைக்கே கணக்கு ஆறு. அவர் வயசைப் போட்டாலும் அஞ்சு. இந்தத் தழும்பு எட்டு மாசத்துல விழுந்தது இல்ல, பத்து வருஷமா விழுந்தது. அன்னைக்கு வந்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே வைத்தியம்தான். நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

"அன்னைக்குக் கால்ல வீக்கம் இல்லை."

"சரி, ஆனா..."

"வயித்துல தண்ணி இல்லை. பாளம் இழுத்துக்கிட்டு இருந்தான்."

"அது எப்படியும் ஒரு நாள் வந்திருக்கும் ஐயா."

"ரெண்டு வாரத்துக்குள்ள ஸ்கேன் பண்ணணும்னு சிவப்பு மையில எழுதினீங்க. தள்ளிப்போடாதேன்னு ரெண்டு கோடு போட்டீங்க. எட்டு மாசம் போனா வித்தியாசம் இல்லைன்னா, ரெண்டு வாரத்துக்கு எதுக்குக் கோடு?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார். "அது பொதுவா எல்லாருக்கும் எழுதுறதுதான்" என்றார்.

நல்ல பிள்ளைதான். கிழவன் ராத்திரி தூங்கட்டும் என்று பார்க்கிறார். அவர் மெய்யைச் சொன்னபோதெல்லாம் நான் பொய் என்றேன்; இப்போது என்னைத் தேற்றுவதற்காகச் சொல்வதை மட்டும் மெய் என்று எடுத்துக்கொள்வதா? ஒருவேளை அவர் சொல்வதுதான் மெய்யோ? இருக்கலாம். என்னைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிற பேச்சை என்னால் நம்ப முடியவில்லை.

"வேற ஏதாவது கேட்கணுமா ஐயா?"

"ஒண்ணும் இல்லை" என்று எழுந்தேன்.

வெளியே பெஞ்சில் மச்சினன் ஒரு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். "வியாழக்கிழமை வரச் சொன்னாங்க மாமா, வெறும் வயித்தோட. உங்ககிட்ட டாக்டர் என்ன சொன்னாரு இவ்வளவு நேரம்?"

"நான் முன்னாடியே சொல்லியிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காதாம்."

"அப்ப விடுங்க. அவரே சொல்லிட்டாரே."

"அவர் சொல்லுவாரு" என்றேன். அவன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், படிக்கட்டுப் பக்கம் நடந்தேன்.